பசியடக்கிய பாலைச்செடி

ஆபிரிக்காவின் தெற்கே விரிந்து கிடக்கும் கலகாரிப் பாலையிலே, வேட்டைமேற் செல்லும் சான் மக்கள் உணவின்றி நெடுந்தூரம் நடப்பதுண்டு. அவ்வேளைகளில் ஹூடியா என்னும், கள்ளியை ஒத்த முட்செடியின் தண்டைச் சீவி மெல்லுவர். கசப்பு மிக்க அத்தண்டு பசியையும் தாகத்தையும் தணிக்கும் என்பது அவர்தம் பரம்பரை அனுபவம்.

தென்னாபிரிக்க விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை 1960களில் இச்செடியை ஆராயத் தொடங்கியது. பின்னர், பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை பெற்று, 1997இல் பைற்றோபாம் என்னும் பிரித்தானியக் கம்பனிக்கு அனுமதி அளித்தது. அடுத்த ஆண்டு பைசர் கம்பனியும் சேர்ந்துகொண்டது. உணவு மிகுந்து பருத்தோருக்கு இது மருந்தாகும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. பசியோடு வாழ்ந்து அதனைக் கண்டறிந்தோரையோ எவரும் கேட்டிலர்.

செய்தி 2001இல் வெளிப்பட்டது; சான் மக்கள் தம் உரிமையைக் கோரினர். அதன் பயனாக, சபைக்குக் கிடைக்கும் உரிமைப்பணத்தில் நூற்றுக்கு 6 வீதம் அவர்களுக்குரியது என 2003இல் ஒப்பந்தமாயிற்று.

ஆனால் மருந்தோ கைகூடவில்லை. அதே ஆண்டில் பைசர் விலகிற்று. 2004இல் முன்வந்த யூனிலீவர் 2008இல் கைவிட்டது. ஹூடியாச் சாறு உண்ட பெண்கள் உணவைக் குறைக்கவில்லை என்றும், அவர்தம் இரத்த அழுத்தம் உயர்ந்தது என்றும் 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

சான் மக்களுக்கு எதிர்பார்த்த செல்வம் வந்திலது. ஆயினும், எழுதப்படாத அறிவுக்கும் உரியவர் உளர் என்பதை உலகு ஏற்ற முன்னோடி ஒப்பந்தங்களுள் ஒன்றாக அது நிலைபெற்றது.