மதுரையைப் பதிவு செய்த கடற்படைத் தலைவர்

பாம்பேய் நகரின் கடைசி நாட்களைப் படமாக்கச் சினிமாக்காரர்களுக்கு அலுப்பதே இல்லை. 1913-இல் இத்தாலிய ஊமைப்படம், 1935-இல் ஹாலிவுட், 1959-இல் ஸ்டீவ் ரீவ்ஸ், 2014-இல் இன்னொன்று. அரங்கச் சண்டை, ஒரு காதல், முடிவில் வெசூவியஸ் எரிமலை வெடிக்கும். ஆனால் அந்த அழிவில் உண்மையிலேயே மாண்ட ஒருவர், மதுரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர்: மூத்த பிளினி.

ரோமானியக் கடற்படைத் தலைவரான அவர் எழுதிய ‘இயற்கை வரலாறு’ 37 பகுதிகள் கொண்டது. கி.பி. 77-இல் இளவரசர் டைட்டஸுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இந்தியக் கடல்வழியைச் சொல்லும் ஆறாம் பகுதியில் நம்மூர் வருகிறது. பெக்கரே என்ற மேற்குக்கரைத் துறைமுகம் பாண்டியனுடையது. மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் மிளகு அங்கே வந்து சேரும். மன்னனோ துறைமுகத்திலிருந்து வெகுதூரத்தில், உள்நாட்டில், ‘மொதுரா’வில் இருக்கிறான் என்கிறார். மிளகு விளையாத வைகைச் சமவெளியில் இருந்துகொண்டே மிளகு வணிகத்தில் பாண்டியன் கைவைத்திருந்தது இதனால் தெரிகிறது.

ஆண்டுதோறும் குறைந்தது 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினிக்கு ஆதங்கம். ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரி. ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளமே அப்போது 225 தினாரிதான். ஆறு நாள் உழைப்புக் கொடுத்தாலும் ஒரு ராத்தல் வராது.

கி.பி. 79-இல் மிசெனத்தில் இருந்தபோது வெசூவியஸ் மேல் எழுந்த விசித்திர மேகத்தை அருகில் போய்ப் பார்க்கக் கிளம்பினார். உதவி கேட்டு ஓலை வந்ததும் போர்க்கப்பல்களையே இறக்கினார். கல்மழைக்குத் தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தவர், ஸ்டாபியே கடற்கரையில் மூச்சுத்திணறி இறந்தார். இதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதியவர் அவருடைய சகோதரி மகன்.

இனி நம் பக்கம். சேரர் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் (கிரேக்க, ரோமானியர்) கப்பல்களை அகநானூறு பாடுகிறது. பாண்டியன் நன்மாறன் யவனர் தந்த மதுவை அருந்துவதைப் புறநானூறு காட்டுகிறது. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனக் காவலரைச் சிலப்பதிகாரம் நிறுத்துகிறது. அங்கே புலம்பல், இங்கே பெருமிதம்: ஒரே பேரேட்டின் பற்றும் வரவும். பிளினி பற்று எழுதினார். நம் புலவர்கள் வரவு எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பாண்டிய நாட்டு வணிகத்தின் முழுக்கணக்கு கிடைக்கும்.

அடுத்த இதழில்: வைகை கடலைத் தொடும் அழகன்குளம்.

(தொடரும்)