விமான இருக்கைகளும் நகரங்களின் போட்டியும்

எந்த விமான நிறுவனத்திடமும் விமானங்களும் விமானிகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் உண்டு. ஓர் ஊருக்குப் புதிதாக வரும் நேரடிச் சேவை, பெரும்பாலும் இன்னோர் ஊரிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். ஓடுபாதையையும் முனையத்தையும் நகரம் கட்டலாம். விமானத்தை எங்கே ஓட்டுவது என்பதை முடிவு செய்வது நிறுவனம். முதலீட்டுக்கும் தலைமை அலுவலகங்களுக்கும் போட்டியிடும் நகரங்களின் பெரிய பலவீனம் இதுதான். அமெரிக்காவின் நடுத்தர நகரங்கள் இதைப் பட்டறிந்தவை.

கட்டணத்தின் மீதும் வழித்தடத்தின் மீதும் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை அமெரிக்கா 1978-இல் நீக்கியது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் 'ஹப்' எனப்படும் இணைப்பு மையங்களை நம்பி இயங்கத் தொடங்கின. பல ஊர்களிலிருந்து விமானங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து இறங்கும்; பயணிகள் மாறி ஏறியதும் அடுத்தடுத்துக் கிளம்பிவிடும். உள்ளூர்க்காரர்களை மட்டும் ஏற்றினால் பாதி காலியாகப் போகும் விமானம் இப்படித்தான் நிறைகிறது. ஆகவே ஹப் உள்ள நகரம் தன் மக்கள்தொகைக்கு மிஞ்சிய சேவையைப் பெறுகிறது. ஹப் போனால் அந்த மிகுதியும் சேர்ந்தே போய்விடும்.

சின்சினாட்டி நகரத்துக்கு நேர்ந்தது அதுதான். டெல்டா விமான நிறுவனத்தின் ஹப்பாக இருந்த அந்நகர விமான நிலையத்தை 2005-இல் 2 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். அதே ஆண்டு டெல்டா திவால் பாதுகாப்பு கோரியது. 2008-இல் நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்துடன் இணைந்தபோது, 400 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் இருந்த டெட்ராய்ட் ஹப்பும் அதன் கைக்கு வந்தது. இவ்வளவு அருகருகே இரண்டு எதற்கு? சின்சினாட்டியின் சேவைகள் வெட்டப்பட்டன. 2013-இல் பயணிகள் எண்ணிக்கை 60 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சிறிய விமானங்களுக்கென்று 1994-இல் திறந்த 'சி' முனையம் 2009-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது.

வாழைப்பழ நிறுவனமான சிக்கிட்டா, தன் தலைமை அலுவலகத்தைச் சின்சினாட்டியிலிருந்து சார்லட் நகரத்துக்கு மாற்றப்போவதாக 2011-இல் அறிவித்தது. சார்லட் அளித்த ஊக்கத்தொகைகளோடு, அங்கிருந்து கிடைத்த விமானச் சேவையும் காரணமாகச் சொல்லப்பட்டது. லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களோடு தொழில் செய்யும் நிறுவனத்துக்கு நேரடி விமானம் அன்றாடத் தேவை. அந்தச் சார்லட்டும் யூஎஸ் ஏர்வேஸின் ஹப்பாக நிலைத்த ஊர். அதே நிறுவனம் 2004-இல் பிட்ஸ்பர்க் ஹப்பைக் கைவிட்டிருந்தது.

ஆனால் இந்த இழப்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. ஹப் காலத்தில் சின்சினாட்டியின் கட்டணம் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. குடும்பத்தோடு போகிறவர்கள் காரை எடுத்துக்கொண்டு டேட்டன், லூயிவில் நிலையங்களுக்குப் போய் விமானம் ஏறினார்கள். 2013 முதல் ஃப்ரண்டியர், அலீஜியன்ட், சவுத்வெஸ்ட் என மலிவுக் கட்டண நிறுவனங்கள் வந்தபின் கட்டணம் இறங்கியது. நகரத்தின் நன்மையை ஹப் ஒன்றை மட்டும் வைத்து அளக்கும் வழக்கம் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

போட்டியில் பின்தங்கும் ஊர்கள் பணம் கொடுத்துச் சேவையை வரவழைப்பதும் உண்டு. 2019-இல் பிட்ஸ்பர்க்–லண்டன் விமானத்துக்காக பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு இரண்டு ஆண்டுகளில் 30 லட்சம் டாலர் தர ஏற்பாடானது. கட்டுமானத்தில் போடும் பணம் இதைவிடப் பெரிய பந்தயம். செயின்ட் லூயிஸ் 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதிய ஓடுபாதை அமைத்தது. அதற்காகப் பக்கத்து ஊரான பிரிட்ஜ்டனில் சுமார் 2,000 வீடுகள் கையகப்படுத்தப்பட்டன. 2006-இல் ஓடுபாதை திறக்கும் முன்பே, அங்கே ஹப் வைத்திருந்த டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை வாங்கியிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அங்கிருந்த சேவைகளைப் பெருமளவு குறைத்துவிட்டது. பயணிகள் எண்ணிக்கை 2000-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்திருந்தது.