பல்லுணரி வெப்கேம்களுக்குப் பெயரிடுதல்

பல்லுணரி வெப்கேம் என்பது ஒரே யூஎஸ்பி இணைப்பின் வழியே ஒன்றுக்கு மேற்பட்ட படவுணரிகளை இயக்கும் கேமரா. மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பில் வண்ண உணரியும் அகச்சிவப்பு உணரியும் அருகருகே இருப்பது இதன் பரவலான வடிவம். இரண்டும் ஒரே உற்பத்தியாளரின் ஒரே பொருளாகத்தான் கணினிக்குத் தெரிகின்றன. எனவே எது எந்த உணரி என்று பயனர் பிரித்தறியும்படி தனித்தனிப் பெயர் கொடுப்பது இயக்கமுறைமையின் டிரைவருக்கு உரிய வேலை. சிறிய வேலைதான். ஆனாலும் லினக்ஸ் கெர்னல் இதைச் செய்து, மாற்றி, மாற்றியதைத் திரும்பப் பெற்றும் இருக்கிறது.

யூஎஸ்பி கேமராக்களுக்கான பொதுத் தரநிலையான யூவிசி 2003-இல் வெளிவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வெப்கேமோடும் அதற்குரிய டிரைவர் அடங்கிய குறுந்தட்டும் வரும். தட்டு தொலைந்தால் கேமரா பயன்படாது. தரநிலை வந்தபின் ஒரே டிரைவர் எல்லாவற்றுக்கும் போதுமானதாயிற்று. லினக்ஸில் அந்த டிரைவரின் பெயர் யூவிசிவீடியோ. லோரான் பென்ஷார் எழுதிய இது, 2008 ஜூலையில் வெளியான 2.6.26 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கிய மலிவு வெப்கேமைச் செருகிய உடனே படம் தெரிகிறதென்றால் காரணம் இந்த டிரைவர்தான்.

கேமராவின் பெயரை டிரைவர் தானாக உருவாக்குவதில்லை. சாதனத்தின் சில்லுக்குள்ளேயே பெயர்கள் பதிந்திருக்கும்: சாதனம் முழுமைக்கும் ஒன்று, அதன் ஒவ்வொரு செயற்பகுதிக்கும் ஒன்று, ஒவ்வொரு இடைமுகத்துக்கும் ஒன்று. பின்னிரண்டையும் நிரப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. வெறுமையாக விட்டுவிடும் உற்பத்தியாளர்களும் உண்டு. தொடக்கத்தில் லினக்ஸ் டிரைவர் முதற்பெயரை மட்டுமே படித்தது. கேமராவுக்கு ஓர் உணரி இருந்த காலத்தில் அதுவே போதும்.

2015-இல் விண்டோஸ் 10 முகம் பார்த்து உள்நுழையவிடும் ஹெலோ வசதியோடு வந்தது. அதற்கு அகச்சிவப்பு உணரி தேவை. மடிக்கணினிகளில் இரட்டை உணரி பெருகியது அதன்பின்தான். லினக்ஸில் இரண்டும் ஒரே பெயரில் பட்டியலில் நின்றன. இதைத் தீர்க்க வந்த திருத்தம் எளியது: முழுச்சாதனப் பெயரையடுத்து ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் செயற்பகுதியின் பெயர், அது இல்லாவிட்டால் இடைமுகத்தின் பெயர். விண்டோஸும் இதே முன்னுரிமையைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அது பகுதிப் பெயரை மட்டும் காட்டும், லினக்ஸ் இரண்டையும் சேர்த்துக் காட்டும்.

சேர்த்துக் காட்டுவதில்தான் சிக்கல். லினக்ஸின் வீடியோ இடைமுகத்தில் கேமராப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட். முடிவுக்குறிக்கு ஒன்று போக மிச்சம் 31. லெனோவோவின் திங்க்பேட் மடிக்கணினிகளில் முழுச்சாதனப் பெயர் ‘இன்டகிரேட்டட் கேமரா’. வண்ண உணரியின் பெயரும் அதுவே. அகச்சிவப்பு உணரியின் பெயர் ‘இன்டகிரேட்டட் ஐஆர் கேமரா’. இவற்றை ஒட்டி 31 ஆங்கில எழுத்தில் வெட்டினால், ஒன்று ‘இன்டகிரேட்டட் கேமரா: இன்டகிரேட்டட் சி’ என்றும் மற்றொன்று அதே சொற்களோடு ‘ஐ’ என்றும் முடிகிறது. கேமராவின் முதல் எழுத்தும் ஐஆரின் முதல் எழுத்தும் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. திட்டமிட்டு அமைந்ததல்ல இது, எண்ணிக்கை தற்செயலாகச் சரியாக விழுந்ததுதான். டெல் மடிக்கணினிகளில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அங்கே முன்பாதிப் பெயர் இன்னும் நீளம்; அதனால் பின்பாதி ‘இன்டகிரேட்’ என்பதோடு அறுந்துவிடுகிறது, வேறுபாட்டைச் சொல்லவேண்டிய சொல்லுக்கு இடமே இல்லை.

இன்டெலின் ரியல்சென்ஸ் டி435 இதற்கும் ஒரு படி மேலே. ஆழம் அளக்க இரண்டு அகச்சிவப்பு உணரிகளும் ஒரு வண்ண உணரியும் கொண்ட அந்தக் கேமராவின் பெயர், ‘டெப்த் கேமரா’ என்ற சொற்களில் இரண்டாவதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிடும். வணிகக்குறிகளைக் காட்டும் அடைப்புக்குறிகளும் அவற்றினுள் இருக்கும் எழுத்துகளுமே 31-இல் ஏழு இடங்களைத் தின்றுவிடுகின்றன.

போதாததற்கு 2018 ஏப்ரலில் வெளியான கெர்னல் 4.16, ஒவ்வொரு வெப்கேமுக்கும் இரண்டாவது வழியொன்றைத் திறந்தது. படம் முதல் வழியில் வரும். படம் எடுத்த நேரம் முதலிய மேல்விவரத் தரவு இரண்டாவதில் வரும். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஒரே ஓர் உணரி கொண்ட கேமராவைச் செருகியவர்களும் ‘வீடியோ 0’, ‘வீடியோ 1’ என்று இரட்டையைப் பார்த்துத் திகைத்தார்கள். இரண்டாவதைத் தேர்ந்தவர்களுக்குப் படமே வரவில்லை.

மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வகுப்பு, வழிபாடு, அலுவலகக் கூட்டம் எல்லாம் வெப்கேம் முன் நகர்ந்தன. டிரைவர் எழுதுபவர்களுக்கு மட்டும் அக்கறையாயிருந்த கேமராப் பட்டியல் இப்போது வீட்டுக்கு வீடு திறக்கும் பட்டியலாயிற்று. அதில் தவறான வரியைத் தொட்டால் முகம் கறுப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாகத் தெரியும்: அகச்சிவப்பு உணரி சொன்ன வேலையைச் சரியாகவே செய்கிறது. விண்டோஸ் இந்தக் குழப்பத்தைப் பெயரால் அல்லாமல் வகைப்பாட்டால் தவிர்த்துக்கொண்டது. அகச்சிவப்பு உணரியை அது தனி வகையில் வைத்துவிடுவதால் சாதாரணச் செயலிகளின் பட்டியலில் அது வருவதேயில்லை. பயனருக்கு இதுவே நல்ல தீர்வு என்றுதான் சொல்லவேண்டும். தேவைப்படாத கேமராவுக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் அது பட்டியலில் ஓர் இடைஞ்சல்தான்.

லினக்ஸ் தரப்பில் அடுத்த முயற்சி 2022 தொடக்கத்தில் வந்த 5.16 பதிப்பில் இடம்பெற்றது. கெர்னலின் ஊடகக் கட்டமைப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் தனித்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கேற்பப் பொருட்பெயரை நீக்கிவிட்டு, வழியின் வகையையும் ஓர் எண்ணையும் சேர்த்து, படம் வரும் வழிக்கு ‘வீடியோ கேப்சர் 4’ என்றும் மேல்விவர வழிக்கு ‘மெட்டாடேட்டா 4’ என்றும் பெயர்கள் அமைந்தன. விதிக்கு முழுப்பொருத்தம். ஆனால் அந்தப் பெயரைப் படித்துப் பயனருக்குக் காட்டும் மென்பொருள்கள் பல இருந்தன. திடீரென்று அவற்றின் பட்டியலிலிருந்து லாஜிடெக், லெனோவோ எல்லாம் மறைந்து எண்கள் நின்றன. காணொலிக் கூட்டத்துக்கு எந்தக் கேமராவைத் தேர்வதென்றே பயனர்களுக்குத் தெரியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, திருத்தத்தை எழுதியவரே அதே ஆண்டில் அதைத் திரும்பப் பெறும் மற்றொரு திருத்தத்தை அனுப்பினார். பயன்பாட்டில் உள்ள மென்பொருளை உடைக்கக்கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாமல் வலியுறுத்திவரும் கெர்னல் நெறி. இங்கே அது ஒரு விதியின் தூய்மையை வென்றது.

ஒரே சொற்றொடரை அடையாளமாகவும் மனிதர் படிக்கும் பெயராகவும் பயன்படுத்தியதே இந்த இழுபறிக்கு வேர். நிலையான அடையாளத்துக்கு லினக்ஸிலேயே வேறு இடம் உண்டு. யூடெவ் என்னும் சாதன மேலாளர் இரண்டு வகைக் குறுக்குவழிகளை அமைக்கிறது: ஒன்று கேமராவின் தொடரெண்ணைக் கொண்டது, மற்றது அது செருகப்பட்டிருக்கும் துளையைக் கொண்டது. முதல்வகையை நம்புமுன் கேமராவின் விலையைப் பார்க்கவேண்டும். மலிவுக் கேமராக்கள் பலவற்றில் சோனிக்ஸ் நிறுவனச் சில்லு இருக்கும்; அதில் ‘எஸ்என்0001’ என்ற ஒரே தொடரெண்ணோடு வருபவை ஏராளம். அத்தகைய இரண்டை ஒரே கணினியில் மாட்டினால் துளையைக் கொண்ட வழிதான் கைகொடுக்கும்.

2018 இறுதியில் அறிவிக்கப்பட்ட லிப்கேமரா நூலகம் இரண்டையும் முறையாகப் பிரித்திருக்கிறது. அதில் கேமராவின் அடையாளம் ஒரு நீண்ட சரம், அதை யாரும் திரையில் படிக்கவேண்டியதில்லை. மாடல், முன்பக்கமா பின்பக்கமா வெளியிலா என்ற இருப்பிடம் ஆகியவை தனிப் பண்புகள். காட்டும் பெயரை அவற்றைக்கொண்டு செயலியே அமைத்துக்கொள்ளும்.

இப்பிரிப்பு தமிழுக்கும் வேண்டியது. யூஎஸ்பி தரநிலை யூனிகோடில் பெயர் பதிய இடம்தருகிறது, ஒரு பெயரில் 126 குறிகள் வரை. லினக்ஸ் அதை யூடிஎஃப்-8-க்கு மாற்றும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனிக்கணக்கு. 31 பைட்டில் பத்துக் குறிகள்தான் அடங்கும். ‘முன் கேமரா’ 28 பைட்டில் தப்பிவிடும். ‘அகச்சிவப்புக் கேமரா’ என்று ஓர் உற்பத்தியாளர் பதிந்தால் ‘அகச்சிவப்ப’ வரைதான் மிஞ்சும். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருள் 1990களின் இறுதியில் ஆதரித்த திஸ்கி குறியீட்டில் ஓர் எழுத்துவடிவுக்கு ஒரு பைட் என்பதால் இதே பெயர் 31-க்குள் தாராளமாக அடங்கியிருக்கும். உலகின் எல்லா எழுத்துகளோடும் கலந்து நிற்கும் வசதிக்காக யூனிகோடுக்கு மாறிய தமிழ், வீடியோ இடைமுகத்தின் 32 பைட் பெட்டியில் மட்டும் அதன் விலையைக் கொடுக்கிறது. அந்தப் பெட்டியின் அளவை இனி மாற்றவும் முடியாது. அதை நம்பித் தொகுக்கப்பட்ட செயலிகள் அனைத்தும் அந்த அளவையே எதிர்பார்க்கின்றன.