உலர்திராட்சையும் இனிப்பு வைனும்

உலர்திராட்சை என்பது நீர் வற்றியதால் கெடாமல் நிற்கும் கனி. இலங்கைக் கடைகளில் இதைப் பிளம்ஸ் என்றே கேட்டு வாங்குவர். இனிப்பு வைன் என்பது திராட்சைச் சாறு நொதித்த பிறகும் சர்க்கரை எஞ்சி நிற்கும் பானம். இரண்டிலும் இனிப்பது கனியின் சர்க்கரையே.

வேறுபாடு

பழுத்த திராட்சையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அது 15 விழுக்காட்டளவுக்கு வற்றினால் ஈஸ்ட் வளர இடமில்லை. சர்க்கரை அப்படியே தங்கிவிடும். பாதி காய்ந்த குலையைப் பிழிந்தாலோ மிகுந்த இனிப்புள்ள கெட்டிச் சாறு கிடைக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை மதுசாரமாக்கும். மதுசாரம் 15 விழுக்காட்டை நெருங்கும்போது ஈஸ்ட் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மிஞ்சிய சர்க்கரை வைனை இனிப்பாக்குகிறது. எல்லா இனிப்பு வைனும் காய்ந்த கனியில் பிறப்பதில்லை. போர்ட் வைனில் நொதித்தலின் நடுவே பிராந்தி சேர்த்து ஈஸ்டை நிறுத்துகிறார்கள்.

வரலாறு

கி.மு. 700 அளவில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், குலைகளை 10 நாள் வெயிலிலும் 5 நாள் நிழலிலும் வைத்துப் பிழியச் சொல்கிறார். கார்த்தேஜின் வேளாண் எழுத்தாளர் மாகோ கூறிய உலர்திராட்சை வைன் செய்முறையை ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா கி.பி. முதலாம் நூற்றாண்டில் பதிந்து வைத்தார். சைப்ரஸின் கொமண்டாரியா என்ற இனிப்பு வைன் இன்றும் வெயிலில் காய்ந்த திராட்சையில்தான் உருவாகிறது.

கேரளத்தில் திராட்சை அரிது. அங்குள்ள தோமா கிறிஸ்தவர் உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து வழிபாட்டில் பயன்படுத்தியதைக் கொடுங்கல்லூர்ப் பாதிரியார் யோசேப்பு 1501இல் ஐரோப்பா சென்றபோது எடுத்துரைத்தார். நிறத்தாலும் சுவையாலும் மெய்யான வைன் என்று அறியத்தக்கதாயின் உலர்திராட்சை வைனும் பூசைக்கு ஏற்றதெனக் கத்தோலிக்கத் திருச்சபை ஒப்பியது. கேரளத்தை அடுத்த தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்வர். 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது.

உடப்புசல்லாவையில்

இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவையில் வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் தேயிலைக்கு உகந்தவை. குலை காயவைக்க அல்ல. இலங்கையில் திராட்சைக்கு ஏற்ற மண் வறண்ட யாழ்ப்பாணம். ஆகவே மலையகத்தில் பிளம்ஸ் கடைச்சரக்கு. பொங்கலுக்கும் பாயாசத்துக்கும் கிறிஸ்மஸ் கேக்குக்கும் அதை வாங்குகிறார்கள். கேக்குக்காகப் பிராந்தியில் ஊறும் பிளம்ஸ் மதுசாரத்தை உறிஞ்சும், ஆனால் வைனாகாது. அதன் சர்க்கரை நொதிக்கவில்லை. மதுசாரம் வெளியிலிருந்து வந்தது. வைனிலோ கனியின் சர்க்கரையே மதுசாரமாக மாறியிருக்கிறது.