பனிக்காட்டினூடே ஒரு பாதை

கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலே டோசன் கிறீக் என்னும் சிறு நகரம் ஒன்றுண்டு. அதன் தெருச் சந்தியொன்றிலே வெண்ணிறத் தூண் ஒன்று நிற்கின்றது. அலாஸ்கா நெடுஞ்சாலையின் பூச்சிய மைல் அங்கேயே தொடங்குகின்றது. கோடை பிறந்ததும் அத்தூணைச் சுற்றி வீட்டு வண்டிகள் வந்து சேரும். 'மோட்டார் ஹோம்' எனப்படும் அவ்வண்டிகளுக்குள்ளே படுக்கையுண்டு, அடுப்புண்டு, நீர்த்தொட்டியுண்டு. ஒரு குடும்பம் தன் வீட்டையே உடன்கொண்டு வடதிசைக் காடுகளையும் தேசிய வனங்களையும் காணப் புறப்படும் இடம் அது. ஆனால், இன்று உல்லாசப் பயணிகள் செல்லும் அவ்வழி உல்லாசத்துக்காக வெட்டப்பட்டதன்று. போர் அச்சத்தினால் வெட்டப்பட்ட வழி அது. அதன் வரலாற்றை அறியாதார் மைல்களைக் கடப்பாரேயன்றி, வழியை அறிந்தவராகார்.

1867-ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கா எழுபத்திரண்டு இலட்சம் டொலர் கொடுத்து அலாஸ்காவை ருஷ்யாவிடமிருந்து வாங்கிற்று. வாங்கிய நாட்டிற்கும் வாங்கியவர் நாட்டிற்கும் இடையே கனடா கிடந்தது. 1896-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யூக்கொன் பிரதேசத்துக் குளொண்டைக் ஆற்றின் கிளையொன்றிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவியதும் பல்லாயிரவர் கடல்வழி வந்திறங்கி, சில்கூட் கணவாயின் பனிச் சரிவிலே மூட்டை சுமந்து ஏறலாயினர். உணவின்றிச் சென்றோர் மடிவரென்பதை உணர்ந்த கனேடியக் குதிரைப் பொலிசார், ஓராண்டுக்குப் போதிய பொருள்கள் இல்லாதாரை எல்லையைக் கடக்க விடவில்லை. உணவும் கூடாரமும் கருவிகளுமாக ஒருவனுக்கு ஏறத்தாழ ஒரு தொன் எடை வந்தது. ஒரே ஏற்றத்தை ஒருவன் முப்பது நாற்பது தடவை ஏறியிறங்க நேர்ந்தது. ஆயத்தமின்றி வருவோரை வடநாடு ஏற்பதில்லை என்ற பாடம் அன்றே சட்டமாக எழுதப்பட்டது.

பொன் வேட்டை ஓய்ந்த பின்னரும், அலாஸ்காவிற்குத் தரைவழிச் சாலை வேண்டுமென்ற பேச்சு ஓயவில்லை. ஆயினும் செலவுக்கு அஞ்சி இரு அரசுகளும் தயங்கின. 1941-ஆம் ஆண்டு டிசெம்பர் 7-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் பேள் துறைமுகத்தைத் தாக்கியதும் அத்தயக்கம் நீங்கிற்று. கடல்வழி அடைபட்டால் அலாஸ்கா தனித்துவிடும். 1942 பெப்ரவரியிலே ஜனாதிபதி ரூஸ்வெல்ற் சாலைக்கு ஒப்புதல் அளித்தார். மார்ச்சிலே படையினர் வந்திறங்கினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே யப்பானியர் டச்சுத் துறைமுகத்தைக் குண்டெறிந்து தாக்கி, அற்று, கிஸ்கா என்னும் தீவுகளைக் கைப்பற்றியபோது, அவ்வச்சம் வீணானதன்று என்பது புலனாயிற்று.

டோசன் கிறீக்கிலிருந்து பெயர்பாங்ஸ் வரை ஏறத்தாழ 1,500 மைல். அந்நெடுந்தூரத்திற் பெரும்பகுதிக்குச் சரியான படமே இருக்கவில்லை. விமானத்திலிருந்து பார்த்தும், பழங்குடி வேட்டுவர் காட்டிய தடங்களைப் பின்பற்றியும் அளவையாளர் வழி குறித்தனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர் இரு முனைகளிலிருந்தும் இடையிலிருந்தும் காட்டை வெட்டினர். அவர்களை முதலில் முறியடித்தது மரமன்று, மலையுமன்று, நிலமே முறியடித்தது. வடபுலத்திலே மண்ணின் அடியில் ஆண்டு முழுவதும் உறைந்த பனி கிடக்கின்றது. அதன்மேற் படர்ந்த பாசியும் செடியும் போர்வை போல நின்று அதனை வெயிலினின்றும் காக்கின்றன. புல்டோசர்கள் அப்போர்வையை உரித்தெறிந்தன, பனி உருகிற்று, சாலை சேறாயிற்று, வண்டிகள் அச்சு மறையப் புதைந்தன. அதன் பின்னரே பொறியியலாளர் உண்மையை உணர்ந்தனர். பாசியை அகற்றாது, மரங்களை வெட்டி அதன்மேல் நெருக்கமாகக் கிடத்தி, மேலே மண்ணும் கல்லும் பரப்பினர். நிலத்தை வெல்ல முயல்வதை விட்டு, அதனை உறங்க விட்டபோதே சாலை நின்றது.

அச்சாலையை அமைத்த ஏழு பொறியியற் படைப்பிரிவுகளுள் மூன்று கறுப்பின வீரரைக் கொண்டவை. உழைத்த படையினருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அவர்களே. அக்காலத்து அமெரிக்கப் படை நிறத்தினாற் பிரிக்கப்பட்டிருந்தது. அலாஸ்காவின் தளபதியாயிருந்த சைமன் பக்னர், அவ்வீரர் அந்நாட்டிற்கு வருவதையே விரும்பாது எழுத்திலே மறுப்புத் தெரிவித்தவர். அவர்களுட் பலர் வெப்பமான தென் மாநிலங்களிற் பிறந்தவர். உறைபனியைக் கூடாரங்களிலே தாங்கினர். 95-ஆம் படைப்பிரிவினருக்குப் பெரிய இயந்திரங்கள் மறுக்கப்பட்டு, கோடரியும் மண்வெட்டியும் தரப்பட்டன. அவர்களே சிக்கானி சீவ் என்னும் விரைந்தோடும் ஆற்றின் குறுக்கே, நெஞ்சளவு குளிர்நீரில் நின்று, நான்கு நாட்களுக்குள் மரப்பாலம் ஒன்றைக் கட்டி முடித்தனர். அமெரிக்கப் படையிலே நிறப் பிரிவினையை நீக்கும் கட்டளை 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அலாஸ்கா மாநிலம் அவ்வீரரின் பணியை நினைவுகூர ஒக்டோபர் 25-ஆம் நாளைச் சட்டத்தினாற் குறித்ததோ, 2017-ஆம் ஆண்டிலேதான். 1942-இல் அந்நாளிலேயே, வடக்கிருந்து வந்த கறுப்பின வீரர் ஒருவரின் புல்டோசரும் தெற்கிருந்து வந்த வெள்ளை வீரர் ஒருவரின் புல்டோசரும் காட்டின் நடுவே எதிர்ப்பட்டன.

உயிரிழப்பும் இருந்தது. 1942 மே மாதத்திலே சார்லி ஏரியைக் கடந்த மிதவையொன்று புயலிற் கவிழ்ந்து பன்னிரண்டு வீரர் மூழ்கி இறந்தனர். நவம்பர் 20-ஆம் நாள் குளுவானி ஏரியின் மேலுள்ள சரிவொன்றிலே, கடுங்குளிரில், சாலை திறந்துவைக்கப்பட்டது. எட்டு மாதங்களிலே முடிந்த வேலையென்று உலகம் வியந்தது.

விழா மேடையிலிருந்து தெரியாத துயரமும் ஒன்றுண்டு. அந்நிலத்திலே எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்த தென் டுஷோனி முதலான பழங்குடியினரிடையே, வேலைக்கு வந்தோர் வழியாகச் சின்னமுத்தும் பிற தொற்று நோய்களும் பரவின. படையினரும் தொழிலாளரும் வேட்டை விலங்குகளைக் கண்டபடி சுட்டனர். விலங்குகள் அழியுமென்று அஞ்சிய அரசு, 1943-இலே குளுவானியை வேட்டை விலக்கப்பட்ட சரணாலயமாக்கிற்று. ஆனால் அத்தடை அந்நியரை மட்டும் தடுக்கவில்லை. காட்டைக் கெடுக்காது அதனாலேயே வாழ்ந்துவந்த மக்களும் தம் மூதாதையர் வேட்டையாடிய நிலத்தினின்றும் விலக்கப்பட்டனர். துப்பாக்கியோடு வந்தவன் செய்த குற்றத்திற்கு, அங்கே பிறந்தவன் தண்டனை பெற்றான். வழிகாட்டி உதவியோருக்கு அவ்வழியே கேடாயிற்று.

போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே தன் எல்லைக்குட்பட்ட பகுதியைக் கனடா பொறுப்பேற்றது. 1948-இலே பொதுமக்கள் தடையின்றிச் செல்ல வழி திறந்தது. 1949-ஆம் ஆண்டில் 'மைல்போஸ்ற்' என்னும் கைந்நூல் முதன்முதல் வெளிவந்தது. எந்த மைலிலே பெற்றோல் கிடைக்கும், எங்கே உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதை மைல் மைலாகச் சொன்ன நூல் அது. பொன் தேடியவனுக்கு ஒரு தொன் மூட்டை எதுவோ, மோட்டார்ப் பயணிக்கு அந்நூல் அதுவாயிற்று. 1966-இலே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலையிற் பெருமளவில் செய்யத் தொடங்கியதும், நடுத்தரக் குடும்பங்களும் அவ்வழிக்கு வரலாயின. காலப்போக்கிலே வளைவுகள் நிமிர்க்கப்பட்டமையால் சாலையின் நீளம் குறைந்துவிட்டது. ஆயினும், பழைய மைல் எண்களையே தம் விலாசமாகச் சொல்லும் கடைகளும் விடுதிகளும் இன்றும் உள்ளன.

சாலை முழுவதும் இன்று தார் பூசப்பட்டிருப்பினும், ஆயத்தம் அவசியமற்றதாகிவிடவில்லை. வடக்கு நோக்கி வீட்டு வண்டியிற் செல்வோர் ஜூன் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரையுள்ள காலத்தையே பெரிதும் தேர்வர். ஜூன் கடைசியில் யூக்கொன் தலைநகராகிய வைற்ஹோர்ஸிலே பகல் ஏறத்தாழப் பத்தொன்பது மணி நேரம் நீளும். பெற்றோல் நிலையங்களுக்கிடையே நூறு மைலும் இருக்கக்கூடுமாதலின், கலம் பாதியானதும் நிரப்புவது அறிவுடையோர் வழக்கம். மேலதிகச் சக்கரமும் கருவிகளும் உடன் வேண்டும். உணவைக் கரடி மோப்பம் பிடியாதவாறு வண்டிக்குள்ளே பூட்டி வைத்தல் வேண்டும். குளுவானி ஏரிக்கு அப்பால் அலாஸ்கா எல்லை வரையுள்ள பகுதியிலே அடிநிலப் பனி உருகியும் உறைந்தும் சாலையை அலைபோல மேடும் பள்ளமுமாக்குகின்றது. 1942-இலே புல்டோசர்கள் கலைத்த உறக்கம் இன்னும் முற்றாகத் திரும்பவில்லை. வெப்பமடையும் காலநிலை அதனை மேலும் கெடுக்கின்றது. அங்கே விரைந்து செல்பவனுடைய பாத்திரங்கள் மட்டுமன்றி, வண்டியின் அச்சும் உடையும்.

அலாஸ்காவின் டெனாலி தேசிய வனம் பயணிகளுக்கு வேறொரு பாடம் கற்பிக்கின்றது. டோல் என்னும் வெண்ணிற மலையாடுகளைக் காக்க வேண்டுமென்று சார்ள்ஸ் ஷெல்டன் முதலியோர் முயன்றதன் பயனாக, 1917-ஆம் ஆண்டிலே அவ்வனம் அமைந்தது. அதனுள்ளே 92 மைல் நீளமான ஒரே சாலை 1938-இல் முடிவுற்றது. அதனை அகலமாக்கித் தார் பூசத் திட்டமிட்டபோது, ஓநாய்களை ஆராய்ந்த அடொல்வ் மியூரி என்னும் அறிஞர் கடுமையாக எதிர்த்தார். 1971-இலே புதிய நெடுஞ்சாலை ஒன்று வனத்தின் வாயில்வரை வந்ததும் வண்டிகள் பெருகுமென்று அஞ்சப்பட்டது. மறு ஆண்டே நிர்வாகத்தார் சாலையின் பெரும்பகுதியிலே தனியார் வண்டிகளை மட்டுப்படுத்தி, பஸ் வண்டிகளை ஓடவிட்டனர். ஆதலின், ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த மோட்டார் வீடும் பொதுவாக 15-ஆம் மைலோடு நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் அவ்வீட்டின் உரிமையாளரும் ஏனையோருடன் ஒரே பஸ்ஸிலே அமர்ந்து செல்வார். 2021-ஆம் ஆண்டிலே, உள்ளிருந்த பனி உருகி மலைச்சரிவு நகர்ந்தமையால், சாலை நடுவழியிலே துண்டிக்கப்பட்டது. அங்கும் நிலமே இறுதிச் சொல்லைச் சொன்னது.

குளுவானியில் நேர்ந்த அநீதிக்கு அரைநூற்றாண்டின் பின்னரே ஓரளவு பரிகாரம் கிடைத்தது. சரணாலயத்தின் பெரும்பகுதி 1970-களிலே தேசிய வனக் காப்பிடமாயிற்று. கனடாவின் மிகவுயர்ந்த லோகன் சிகரம் அதனுள்ளேதான் எழுந்து நிற்கின்றது. 1993-இலே சம்பெயின், ஏசியாக் முதற்குடியினருடனும், 2003-இலே குளுவானி முதற்குடியினருடனும் கனடா அரசு உடன்படிக்கைகள் செய்தது. வேட்டையாடும் உரிமை மீண்டது. வனத்தை மேற்பார்க்கும் அவையிலே அம்மக்களுக்கும் இடம் கிடைத்தது. ஆயினும், காட்டினின்றும் விலக்கப்பட்ட ஆண்டுகளிலே தந்தையிடமிருந்து மகன் கற்றிருக்க வேண்டிய தடங்களையும் இடப்பெயர்களையும் எந்த உடன்படிக்கையும் முழுதாகத் திருப்பித் தரவில்லை. அவற்றை எஞ்சிய முதியோரிடமிருந்து கேட்டறிந்து இளையோருக்குக் கற்பிக்கும் முயற்சி அங்கே நடைபெற்று வருகின்றது.

1942-இலே சாலை திறக்கப்பட்ட சரிவு இன்று 'படைவீரர் சிகரம்' எனப்படுகின்றது. வீட்டு வண்டிகளிற் செல்வோர் அடிவாரத்திலே இறங்கி, சிறிது தூரம் நடந்து, அவ்விடத்தைக் காண்பர். கீழே குளுவானி ஏரி நீலமாக விரிந்து கிடக்கும். மேலே வெண்ணிற மலையாடுகள் மேயும் மலை நிற்கும். இரண்டுக்கும் நடுவே சாலை ஒரு நூல் போல ஓடும். பயணத்துக்கு ஆயத்தம் செய்வோர் பெற்றோலையும் உணவையும் கணக்கிடுவது போலவே, அந்நூலை இழுத்துக் கட்டியவர் எவர், அதனால் இழந்தவர் எவர் என்பதையும் புறப்படுமுன் அறிந்துகொள்வாராயின், அச்சரிவிலே நிற்கும் சிறிது நேரமும் வீணாகாது.