நூலக விதிகளும் நம் சமுதாயமும்

கானாடுகாத்தான் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதனைத் தம் நூலிற் குறித்துள்ளார். பொதுச் சாலையும் கிணறும் பொதுவிடங்களும் நமக்கும் உரியன என்று, இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் தீர்மானத்தையொட்டி, அரசு 1924இலேயே ஆணையிட்டிருந்தது. ஆணை ஏட்டில் இருந்தது, ஊரில் இல்லை.

அதே 1931இல் சீர்காழியிற் பிறந்த அறிஞர் இரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாவது. ஓராண்டில் இருவகை விதிகள்: ஒன்று ஏட்டைப் பறித்தது, மற்றொன்று ஏட்டை நீட்டியது.

1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். வீட்டுவரியோடு நாம் செலுத்தும் நூலக வரி இச்சட்டத்தால் வந்ததே. ஆகவே பொது நூலகம் எவரும் இடும் பிச்சையன்று. நம் பணமும் அதில் உண்டு.

அங்கும் விதிகள் உள்ளன. அமைதி காத்தல், பக்கத்தைக் கிழிக்காமை, குறித்த நாளில் நூலைத் திருப்பித் தருதல் ஆகியன அவை. இவற்றுள் எதுவும் சாதி கேட்பதில்லை, எல்லார்க்கும் ஒன்றே. அடுத்த வாசகரை மதிக்கவே இவ்விதிகள்.

இளைஞர்களே! உறுப்பினராகுங்கள். தங்கையரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எழுத்தறியாத முதியோர்க்கு வீட்டில் படித்துக் காட்டுங்கள். முன்னோர்க்கு மறுக்கப்பட்ட இருக்கை, நம்மால் வெறுமையாய்க் கிடத்தல் ஆகாது.