நிட்டர்
எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) பதிவுகளை விளம்பரமும் ஜாவாஸ்கிரிப்டும் இன்றிப் படிக்க உதவும் கட்டற்ற மாற்று முகப்பு. நிம் மொழியில் எழுதப்பட்டது. 2019 முதல் ஏஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. யூடியூபுக்கான இன்விடியஸ் இதற்குத் தூண்டுதல். பதிவுகளையும் படங்களையும் நிட்டர் வழங்கியே எக்ஸிடம் கேட்டுப் பெற்றுத் தருவதால், வாசகரின் ஐபி முகவரி எக்ஸுக்குப் போவதில்லை. ஆனால் வழங்கியை நடத்துபவர் அதைப் பார்க்க முடியும். சொந்தமாக நிறுவ விரும்புவோரின் நியாயமான காரணம் இதுவே. எனினும் வீட்டில் ஒருவர் மட்டும் நடத்தினால் வழங்கியின் முகவரியும் அவருடையதாகிவிடும். பலர் பகிர்ந்தால்தான் மறைவு கிடைக்கும்.

2024 தொடக்கத்தில், நிட்டர் நம்பியிருந்த விருந்தினர் கணக்குகளை எக்ஸ் நிறுத்தியதும் பொது வழங்கிகள் பல முடங்கின. மாவட்ட ஆட்சியர்களின் மழை விடுமுறை அறிவிப்புகூட எக்ஸில் வரும் தமிழ்நாட்டில் இது பெரும் இழப்பு. இப்போது நிறுவுபவர் உண்மையான எக்ஸ் கணக்கின் அமர்வுச் சான்றை இணைக்க வேண்டும். அக்கணக்கு முடக்கப்படும் அபாயமும் உண்டு.